சட்டை மாட்டியிருந்த பலகை

மேடையில் அமர்ந்திருக்கும் ஜமாத் பெரியவர்களுக்கும், தொழிற்சங்கத் தோழர்களுக்கும், மேலாளர் சுஹேல் அகமது சாருக்கும், ஷிப்டு முடிந்து குளிக்கக்கூட நேரமில்லாமல் நேராக இந்த ஷாதி மஹால் மண்டபத்துக்கு வந்து நிற்கிற எல்லோருக்கும் சம்பத்தின் வணக்கம், சலாம்.

பேசுகிறவர்கள் தங்கள் தாளைக் கடைசியில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அதை மாலை வகுப்பில் கோத்து வைப்போம் என்று சொன்னார்கள். அதனால் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோணல். சில வரி மேலே ஏறியிருக்கும், சில வரி கீழே சரிந்திருக்கும். பேனாவை அழுத்தி அழுத்தித் தாள் இரண்டு இடத்தில் ஓட்டையாகிவிட்டது. மொத்தம் நான்கு தாள். முதல் மூன்றை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் சந்தோஷமாக எழுதினேன். துக்கக் கூட்டத்தில் சந்தோஷம் என்று சொல்லலாமா? சொல்லலாம். அறுபத்தொன்பது வயதில் என் கையில் பேனாவைக் கொடுத்தவரே, இன்று நாம் அஞ்சலி செலுத்துகிற நம் அப்துல் வஹாப் மேஸ்திரிதான்.

கடைசித் தாளை மட்டும் இன்று காலை எழுதினேன். அதைச் சந்தோஷமாக எழுதவில்லை. காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நம் தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியைத் திறக்கப் போகிறார்கள். கழிவை உறிஞ்சும் லாரி இல்லாமலே திறக்கப் போகிறார்கள். ஓர் ஆளை உள்ளே இறக்கப் போகிறார்கள். இறங்கச் சம்மதித்தவன் இந்த மண்டபத்தில்தான், வாசல் பக்கம் நிற்கிறான். அவன் என் தம்பி ஏகாம்பரத்தின் மகன் ஜெயப்பிரகாஷ். ஏகாம்பரம் செத்ததும் அதே தொட்டியில்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் மேஸ்திரியைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். பிறக்கும்போதே அப்படியா பிறந்தார்? அவரோடு முப்பது வருடம் வேலை செய்தவன் நான். டிரம்மில் தோல் போட ஐந்து நிமிடம் தாமதமானால் அவர் போடும் சத்தம் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும். தமிழில் ஆரம்பித்து உருதுவில் முடிப்பார். அவர் வாயில் விழாதவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கை தூக்கச் சொன்னால் ஒரு கைகூட உயராது. அந்த மனிதரா பொறுமைசாலி ஆனார்? ஆம், ஆனார். எப்படி ஆனார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொட்டியில் பம்பின் குழாய் வாய் அடைத்துக்கொண்டது. இரண்டு நிமிட வேலை என்று சொல்லி என் தம்பியை இறங்கச் சொன்னார்கள். இறங்கினான். சத்தம் வரவில்லை. அவனைத் தூக்க இன்னொருவர் இறங்கினார். அவருடைய சத்தமும் வரவில்லை. நான் டிரம் பக்கமிருந்து ஓடினேன். தொட்டியின் விளிம்பில் ஒரு கால் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து மேஸ்திரி என் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். இரண்டு பேரும் கீழே விழுந்தோம்.

"விடு பாய், என் தம்பி உள்ள கெடக்கறான்" என்றேன்.

"விடமாட்டேன் சம்பத்து. நீ எறங்கினா மூணு ஆயிடும்" என்றார்.

அவர் கையைக் கடித்தேன். ரத்தம் வந்தது. விடவில்லை. தீயணைப்பு வண்டி வரும்வரை என்மேல் படுத்துக் கிடந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு ஜென்மம் மாதிரி இருந்தது.

அதன் பிறகு நான் என்ன செய்தேன்? உயிரைக் காப்பாற்றியவருக்கு நன்றி சொன்னேனா? இல்லை. என்னைப் பிடிக்காமல் விட்டிருந்தால் தம்பியைத் தூக்கியிருப்பேன், இந்த ஆள்தான் அவனைக் கொன்றார் என்று ஊரெல்லாம் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், தம்பி மகன் காதுபட வீட்டில் சொன்னேன். இன்று எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், நான் சொன்னது பொய்.

விபத்து நடந்து நான்கு மாதத்தில் மேஸ்திரி எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பை ஆரம்பித்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்து நேராக எங்கள் தெருவுக்கு வருவார். சொல்வது ஒரே வார்த்தைதான். "வகுப்பு இருக்குது சம்பத்து, வா." முதல் தடவை, என் தம்பியைக் கொன்றவன் என் வாசலில் நிற்கக்கூடாது என்று கத்தினேன். சரி என்று எதிர்ப்பக்கம் மின்கம்பத்தடியில் போய் நின்றார். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார், நேராக மின்கம்பத்துக்கே போனார். என் மனைவி கெங்கம்மாள் எனக்குத் தெரியாமல் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். எத்தனை வருடம் வந்தார் தெரியுமா? பதினோரு வருடம். நீங்களாக இருந்தால் எத்தனை வாரம் போவீர்கள்? நான் இரண்டாவது வாரமே போயிருக்க மாட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கெங்கம்மாளின் கண் ஆபரேஷனுக்கு வேலூர் போனோம். கையில் சீட்டு இருந்தது. அதில் எந்த அறை என்று எழுதியும் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாததால் வேறு வரிசையில் போய் இரண்டு மணி நேரம் நின்றோம். பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்க வெட்கம். அந்த வெள்ளிக்கிழமை மேஸ்திரி மின்கம்பத்தடிக்கு வந்தபோது சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.

வகுப்பில் நான் நல்ல மாணவன் இல்லை. ஒரு நாள் ஒரே வரியை ஒரு மணி நேரம் எழுதியும் வராமல் நோட்டைத் தூக்கி எறிந்தேன். மேஸ்திரி முகம் சிவந்தது. பழைய மேஸ்திரி வரப்போகிறார் என்று எல்லோரும் பயந்தோம். அவர் எழுந்து வெளியே போய், சுவரில் ஒரு கையை வைத்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து நான் உள்ளேயிருந்து, "பாய், கோவம் எறங்கிச்சா?" என்று கேட்டேன்.

"இருப்பா, பாதிதான் எறங்கிச்சு."

வகுப்பே சிரித்தது. முழுதும் இறங்கிய பிறகு வந்து என் மணிக்கட்டைப் பிடித்து எழுத வைத்தார். உங்களால் எப்படி முடிகிறது என்று அன்று கேட்டேன். தனக்குப் பொறுமை வராது என்றார். நீ எழுத்துக் கற்றுக்கொள்கிற மாதிரி நான் அதைத் தினமும் கற்றுக்கொள்கிறேன், சில நாள் எனக்கும் கோணலாகத்தான் வருகிறது என்றார். கோபம் வந்தால் சுவரைத் தொடுவது, மூச்சு உள்ளே போய் வெளியே வருவதைப் பார்ப்பது, எதிரில் இருப்பவன் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது. அவ்வளவுதான் அவர் படித்த பாடம். பதினான்கு வருடம் அதே பாடத்தைப் படித்தார்.

எனக்கு ஓரளவு படிக்க வந்த பிறகு ஒரு நாள் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனார். மூடிக்கு மேலே சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை. மேலே ஓர் ஆணி. படி என்றார். கூட்டிக் கூட்டிப் படித்தேன். "இறங்காதே. உள்ளே விஷக் காற்று." அந்தப் பலகையை முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். அன்றுதான் அது என்னிடம் பேசியது.

அப்போது அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அன்னிக்கு ஏகாம்பரம் சட்டையக் கழட்டி இந்த ஆணியிலதான் மாட்டினான். எழுத்து மேலயே மாட்டினான். பலகைய வெச்சவன் நான். வெச்சதோட என் வேல முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். எறங்கறவங்கள்ல யாருக்குப் படிக்க வரும்னு ஒரு நாளும் கேக்கல சம்பத்து."

நான் கடித்த தழும்பு இருக்கிற அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கிழவர்களும் அழுதோம். பதினோரு வருடம் மின்கம்பத்தடியில் நின்றதற்குக் காரணம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

இனிச் சாவி. விபத்துக்குப் பிறகு சங்கமும் நிர்வாகமும் பேசி, தொட்டி மூடிக்கு இரண்டு பூட்டுப் போட்டார்கள். ஒரு சாவி அலுவலகத்தில், இன்னொன்று மேஸ்திரியிடம். லாரி வந்து நின்ற பிறகுதான் அவர் தன் பூட்டைத் திறப்பார். ஓய்வு பெற்ற பிறகும் இதற்காக டவுன் பஸ் ஏறி வருவார். ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தார். தேதி, லாரி எண், நேரம், யாரும் இறங்கவில்லை. பதினான்கு வருடமாக எல்லா வரியின் கடைசியிலும் அதே இரண்டு வார்த்தை. இதைவிட நல்ல புத்தகம் ஒன்றை நான் படித்ததில்லை.

இதுவரை மூன்று தாள். இனி இன்று காலை எழுதியது.

சுஹேல் அகமது சார், நீங்கள் கெட்டவர் இல்லை. திங்கட்கிழமை வெளிநாட்டிலிருந்து பார்வையிட ஆட்கள் வருகிறார்கள். குழாய் அடைத்துத் தண்ணீர் வெளியே வழிகிறது. லாரி பழுதாகி நிற்கிறது, அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் வரும் என்கிறார்கள். உங்களுக்கு மேலே இருப்பவர்கள் உங்களைத் தூங்க விடுவதில்லை. உங்கள் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன், எனக்கும் மூச்சு முட்டியது. ஆனால் நேற்று நீங்கள் சாவி கேட்டு மேஸ்திரி வீட்டுக்கு ஆள் அனுப்பினீர்கள். கணவரை இழந்து, வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இத்தாவில் இருக்கிற அவர் மனைவி ஜஹீருன்னிசா அம்மா திரைக்குப் பின்னாலிருந்து ஒரே கேள்விதான் கேட்டார்களாம். "நோட்டுல யாரு எழுதுவாங்க?" வந்தவர் வெறுங்கையோடு திரும்பிவிட்டார். இன்று காலை அவர்கள் மகள் இரம் சாவியையும் நோட்டையும் என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். சாவி இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.

பூட்டை உடைக்க ஐந்து நிமிடம் போதும். அதுவும் எனக்குத் தெரியும்.

ஜெயப்பிரகாஷ், காலையில் உன்னிடம் கேட்டேன். "இன்னா பெரியப்பா, ரெண்டு நிமிசம் வேல. மாஸ்க் குடுக்கறாங்க. நீ போய் உன் அ ஆ எழுதிகினு உக்காரு" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்து சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றேன். பாதிதான் இறங்கியது. மீதியோடுதான் இதை எழுதினேன்.

உன் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நீ பத்தாவது வரை படித்தவன். அந்தப் பலகையை ஒரே பார்வையில் படித்துவிடுவாய், படித்துவிட்டுக் கடந்தும் போய்விடுவாய். எனக்கு ஒவ்வோர் எழுத்தாக நின்றுதான் படிக்க வரும். நாளைக்கு நீயும் அப்படிப் படி. ஒவ்வோர் எழுத்தாகப் படி. அவ்வளவு நேரம் நின்றவன் இறங்க மாட்டான் என்று நம்புகிறேன். இரண்டு நிமிடம் என்றுதான் உன் அப்பாவிடமும் சொன்னார்கள். மேஸ்திரியைப் பற்றி நான் சொன்ன பொய்யைக் கேட்டு வளர்ந்தவன் நீ. அந்தத் தப்பு என்னுடையது. அதற்காக என்னைத் திட்டு, அடி, என் வீட்டுப் படி ஏறாமல் இரு. இறங்க மட்டும் வேண்டாம். உன்னை இடுப்பில் பிடித்து நிறுத்த எனக்குப் பலம் கிடையாது. அதனால்தான் இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன்.

மண்டபத்துக்கு வெளியே சில தோழர்கள் கோபமாக நிற்கிறார்கள். கண்ணாடியை உடைப்போம், கேட்டை மறிப்போம் என்று பேசுவது காதில் விழுந்தது. வேண்டாம். அதுவும் பொறுமை கெட்டவன் வேலைதான். நாளை காலை ஆறு மணிக்கு நான் தொட்டி மூடிமேல் போய் உட்காரப் போகிறேன். தண்ணீர் பாட்டிலும் குடையும் கொண்டுவருவேன். வருகிறவர்கள் வந்து பக்கத்தில் உட்காருங்கள். சத்தம் வேண்டாம், கல் வேண்டாம். நம் மேஸ்திரி ஒருவராகச் செய்ததை நாம் எல்லோரும் சேர்ந்து செய்ய முடியாதா? திங்கட்கிழமை வருகிறவர்கள் நாம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கட்டும். லாரிக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லுவோம்.

அப்துல் வஹாப் மேஸ்திரி அவர்களே, உங்கள் நோட்டில் உங்கள் கடைசி வரிக்குக் கீழே இடம் இருக்கிறது. வியாழக்கிழமை லாரி வந்து நின்றதும் என் கோணல் எழுத்தில் நான் அதில் எழுதுவேன். தேதி எழுதுவேன், லாரி எண் எழுதுவேன், நேரம் எழுதுவேன். யாரும் இறங்கவில்லை என்று எழுதுவேன்.