பூசையில் இருந்த புத்தகம்

மாலை ஏழு மணி. சுங்காய் டவுனிலிருந்து உள்ளே திரும்பும் பழைய தோட்டச் சாலை. ஒரு காலத்தில் ரப்பர், இப்போது இரண்டு பக்கமும் செம்பனை. தூறல். விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தச் சாலையில் ஒரு கார் தலைதெறிக்கப் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டியவர் கோகிலன். என் சிநேகிதன் பவித்ரனின் அக்காள் கணவர். பவித்ரன் வாயைத் திறந்தால் பாதி பொய். ஆனால் இதைச் சொன்னபோது அவன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. டேய் சீனி, கதை கேட்கும்போது அந்தப் போனைக் கவிழ்த்து வை. வெளிச்சம் வேண்டாம்.

அன்று சரஸ்வதி பூசை. ஈப்போவில் கோகிலனுக்குச் சொந்தமாக ஓர் இரும்புப் பட்டறை. காலையிலேயே வெல்டிங் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. சாமி மேடையில் தலையணை கனத்தில் பொறியியல் புத்தகங்கள். எந்த இரும்பை எவ்வளவு சூடாக்க வேண்டும், எப்படி ஆறவிட வேண்டும் என்று அட்டவணை அட்டவணையாக இருக்கும். எல்லாம் ரப்பர் ஆலையில் எஞ்சினியராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் இராசையாவுடையவை. செத்துப்போவதற்கு முன் கோகிலனிடம் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்றுதான் சொன்னாராம்.

"நினைவை நம்பி வேலை செய்யாதையும் தம்பி. திறந்து பாரும்."

மத்தியானம் கோகிலனின் தம்பி சுரேன் ஓடி வந்தான். அவனுக்கு அந்தத் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. பழக் குலைகளை நீராவியில் அவிக்க அங்கே ஒரு பெரிய இரும்பு உருளை உண்டு. அதன் கதவைப் பூட்டும் தாழ் விரிசல் விட்டிருந்தது. அதைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தான்.

"அண்ணே, பழம் லோரி லோரியா நிக்குது. இன்னிக்கே வெல்டிங் அடிச்சுக் குடுங்க லா. ராத்திரி ஸ்டீம் தொறக்கணும்."

கருவிகளுக்கு ஓய்வு நாள். இருந்தும் தம்பியின் முகத்தைப் பார்த்து மெஷினை எடுத்துவிட்டார். கனத்த இரும்பு அது, வெல்டிங்குக்கு முன் சூடேற்ற வேண்டும். எவ்வளவு? புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் பூசையில் இருக்கிறது. மறுநாள் காலைவரை அதைத் திறக்கக் கூடாது, திறந்தால் படிப்பு ஏறாது என்று நமக்கெல்லாம் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருக்கிறார்களே... மெஷினைத் தொட்ட மனிதருக்குப் புத்தகத்தைத் தொடத் துணிச்சல் வரவில்லை. இதை என்னவென்று சொல்வது? நினைவில் இருந்த சூட்டை வைத்து அடித்துக் கொடுத்தார். சுரேன் வாங்கிக்கொண்டு போனான்.

சாயங்காலம் பட்டறையைப் பூட்டும்போது... "டிங்."

மேசைமேல் ஒரு துண்டு. அதே இரும்பில், அதே சூட்டில், முதலில் அடித்துப் பார்த்த சோதனைத் துண்டு. ஆறிக் கிடந்தது, தானாக வெடித்திருந்தது. முழு நீளத்துக்கும் மயிரிழை விரிசல்.

சுரேனுக்குப் போன் அடித்தார். எடுக்க ஆளில்லை, வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். ஆலை ஆபீஸும் பூட்டியாயிற்று. அந்தத் தாழ் தெறித்தால் கதவு பறக்கும். கதவுக்கு நேரே நிற்பவன் சுரேன். கோகிலன் காரை எடுத்தார்.

தோட்டச் சாலையில் திரும்பியதும் ஒரு வாடை. ரப்பர் ஷீட்டைப் புகை போடும் வாடை. அங்கே ரப்பரை அழித்து எவ்வளவோ காலமாயிற்று.

பின் சீட்டில்... சர்ர்க். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி... சர்ர்க். பக்கம் புரட்டுகிற சத்தம். கோகிலன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்தால் கார் கையை மீறிவிடும் என்று தெரியும். ஒரு தொண்டைக் கனைப்பு. ஒரு விரல் தாளின்மேல் தேய்ந்து இறங்குகிறது, அட்டவணையில் எதையோ தேடுவதுபோல... நின்றது.

"ஐயா, இப்ப அந்தச் சூடு எவ்வளவுன்னு தெரிஞ்சு நான் என்னய்யா செய்வேன்?" கோகிலன் அலறிவிட்டார். "தப்புத்தான்யா. என் தம்பிய மட்டும் காப்பாத்துங்க. அவன் கையப் புடிச்சு அங்கேருந்து இழுத்துருங்க!"

புத்தகம் மூடுகிற சத்தம். ஓடுகிற காரில் பின் கதவு திறந்தது... சாத்திக்கொண்டது. வாடை போய்விட்டது.

அடுத்த வளைவில், ஆலைப் பக்கமிருந்து இடி மாதிரி ஒரு சத்தம். வானத்தில் வெள்ளையாய் நீராவி. எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. தம்பி பெயரைக் கத்திக்கொண்டே ஓடினார். கதவு எதிர்ச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே கிடந்தது. அது போன வழியில் யாரும் இல்லை.

சுரேன் லோரி எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் நின்றான். உயிரோடு. உடம்பில் ஒரு கீறல் இல்லை. அண்ணன் கட்டிப்பிடித்துக் குழந்தை மாதிரி அழுதார். தம்பி அழவில்லை. இடது கையை முன்னால் நீட்டியபடியே நின்றான்.

அந்தக் கை பிறகு இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். கோகிலன் கோயில் கோயிலாகக் கூட்டிப் போனார், வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். மணிக்கட்டில் தோல் உள்ளே அமுங்கியிருக்கும்... ஒரு பக்கம் நான்கு விரல், மறுபக்கம் கட்டை விரல்.

போன வாரம் பவித்ரன் பார்க்கப் போயிருக்கிறான். சுரேன் கட்டிலில் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். கோகிலன் தரையில், கட்டிலின் காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு.

"எப்படி இருக்கு மச்சான்?" என்றான் பவித்ரன்.

சுரேன் தனக்கு எதிரே, ஒருவருமில்லாத இடத்தைப் பார்த்தபடி மெல்லச் சொன்னானாம்.

"காப்பாத்துனாரு, சரிதான் மச்சான். ஆனா இன்னும் கைய விடல லா... இழுத்துக்கிட்டேதான் இருக்காரு."