நாலு இஞ்ச் பைப்

கொரட்டூரில் வீட்டுக்குப் பின்னால் இடம் வைத்திருப்பவர்கள் ஏதாவது வளர்ப்பார்கள், சார். எத்திராஜுக்கு மீன் ஆசை. ஐந்தடி ஆழத்தில் சிமென்ட் குளம் கட்டிவிட்டு, பைப் போட என்னைக் கூப்பிட்டான்.

தொண்ணூறாம் வருஷம் வரை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் இருந்தோம். அவன் சூப்பர்வைசர். ஒரு நைட் ஷிஃப்டில் நான் கண்ணயர்ந்தபோது, லேத்துக்கு ஊற்றும் எண்ணெய்த் தண்ணீரை என் வாயில் ஊற்றினான். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேலையை விட்டுவிட்டுக் குழாய் வேலை கற்றுக்கொண்டேன்.

கேட்டைத் திறந்ததும், "இன்னா வேம்புலி, இப்பவும் நின்னுகினே தூங்குறியா?" என்றான். நானும் சிரித்தேன்.

குளத்தின் அடியில் ஓட்டை விட்டு, அழுக்குத் தண்ணீரைப் பக்கத்திலிருந்த பழைய கிணற்றில் இறக்க வேண்டும். கிணறு இருபதடி ஆழம். இரண்டு இஞ்ச் பைப்பே போதும். நாலு இஞ்ச் போட்டால் இழுப்பு அதிகம். உள்ளே போன கை திரும்பாது.

"எது சீக்கிரம் காலியாவும்?" என்றான்.

"நாலு."

"அப்ப அதப் போடு மாமே. இன்னாத்துக்கு ரோசனை?"

அவனாகத்தான் சொன்னான். வால்வு வேண்டாம் என்றதும் அவன்தான். எங்கள் பக்கம் தொட்டி ஓட்டையைத் துணி சுருட்டி அடைப்பார்கள். கழுவும்போது உள்ளே இறங்கிக் கையால் உருவுவார்கள். அவனும் மனைவி ராணியின் பழைய புடவையைச் சுருட்டி அடைத்தான். நான் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதல் தடவை தண்ணீர் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். போட்ட வேலையைப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். எத்திராஜ் மூச்சுப் பிடித்து முங்கித் துணியை உருவினான். தோள்வரை கை போய்விட்டது. தலைக்கு மேல் மூன்றடித் தண்ணீர். கால்கள் உதைத்துக்கொண்டன.

"அண்ணாத்தே, இன்னா ஆச்சு அவுருக்கு?" என்று ராணி ஓடிவந்தாள்.

கிணற்றோரம் பைப்பைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் போதும். உடைந்து காற்று புகும், கை விடுபட்டுவிடும். சுத்தியல் என் பையில் இருந்தது.

"தெருவுல போயி நாலு பேரக் கூட்டினு வா தங்கச்சி," என்றேன்.

அவள் ஓடினாள். நான் குளத்து விளிம்பில் உட்கார்ந்தேன். தண்ணீர் அவ்வளவாகக் கலங்கவில்லை, முகம் தெரிந்தது. இன்னொரு கையால் பைப் போகும் பக்கத்தைக் காட்டினான். தொழில் தெரிந்தவன். தலையாட்டினேன். பிறகு கை தணிந்துவிட்டது.

ஆமாம், வேண்டுமென்றே செய்ததுதான். ஆனால் ஆட்கள் வந்ததும் முதலில் தண்ணீரில் குதித்தவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.