அறுபது நாள் நகராத வண்டி

அவைக்குத் தலைமையேற்று, என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஐயா கோபாலசாமி அவர்களே! துபாய் அல் குசைஸ் அரங்கை நிறைத்த பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் உறங்கவைத்தபடி செவிமடுக்கும் தாய்மார்களே! தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து வந்த தம்பிகளே! டைப்பிங் சென்டரில் மனு அடித்தே தேய்ந்த பத்து விரல்களையும் கூப்பி, பானுமதி உங்களை வணங்குகிறேன்.

ஊரில் விமானம் இறங்கியதும் இங்குள்ள சிம்மைக் கழற்றிப் பாஸ்போர்ட் உறைக்குள் செருகாதவர் யார்? கை தூக்குங்கள் பார்ப்போம்! ஒரு கையும் இல்லை. சிரிக்காதீர்கள் தலைவரே, உங்கள் கையும்தான் எழவில்லை!

அபுதாபி முசஃபா பட்டறைப் பகுதியின் மெக்கானிக் முனியசாமியும் அப்படித்தான் செருகினார். தன் பழைய பிக்கப்பைப் பட்டறைக்கு எதிரே மணல்வெளியில் நிறுத்திவிட்டு, அறுபது நாள் லீவில் பறந்தார். மறுநாளே அங்கே 'வண்டி நிறுத்தாதே' என்றொரு பலகை முளைத்தது. அன்றே ஓர் அபராதம். அடுத்த நாள் இன்னொன்று. தினமும் தகவல் வந்தது, அந்த உறைக்குள் கிடந்த சிம்முக்கு!

எண்ணிப் பாருங்கள். கடலுக்கு அப்பால் முனியசாமி உறங்கினார். மணலைப் போர்த்திக்கொண்டு வண்டி உறங்கியது. உறைக்குள் சிம் உறங்கியது. அபராதம் மட்டும் உறங்கவில்லை! ஓயாமல் வளர்ந்தது, ஓசையில்லாமல் வளர்ந்தது, வண்டியின் விலையையே விழுங்கி வளர்ந்தது!

திரும்பி வந்தவர் என் மேசைமுன் நின்றார்.

"அக்கா, கட்டலேன்னா வண்டிய ஏலத்துல விட்ருவாங்களாம். வண்டி போச்சுன்னா பொழப்பே போச்சுக்கா. நான் ஒரு தடவதான நிறுத்துனேன்?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். ஒருமுறை நிறுத்தியவருக்கு அறுபது முறை தண்டனையா? காதில் விழாத கட்டளையை மீறினார் என்பதா? அதையே மனுவாக அடித்தேன். அறுபது அபராதப் படங்களையும் இணைத்தேன். ஒரே வண்டி, ஒரே இடம். படத்துக்குப் படம் மணல் மட்டும் ஏறி ஏறி, கடைசிப் படத்தில் கனவில் கண்டதுபோல் மங்கலாக ஒரு மேடு.

விசாரணைக்கு இருவரும் போனோம்; அதிகாரி ஒவ்வொரு படமாகப் புரட்டினார். முனியசாமியின் கை என் பையின் வாரைப் பிடித்திருந்தது.

"வண்டி நகரவே இல்லையே," என்றார் அதிகாரி. "ஒரு தவறு, ஓர் அபராதம். கலாஸ், முடிந்தது!"

அந்த ஒன்றை முனியசாமி அங்கேயே கட்டினார்.

தண்டனையே வேண்டாம் என்றா கேட்கிறோம்? இல்லை! தவறின் அளவுக்குத் தண்டனை கொடுங்கள். தண்டிக்கும் முன் எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் சொல்வதையும் கேளுங்கள். இது பிச்சையா? உரிமை, என் உறவுகளே, உரிமை!

பொறுங்கள், கை தட்டாதீர்கள். காலை ட்யூட்டி முடித்து வந்த முனியசாமி, அதோ மூன்றாம் வரிசையில், வாய் திறந்து உறங்குகிறார். எத்தனை நாள் கழித்து வந்த உறக்கமோ! சத்தமில்லாமல் நன்றி சொல்லி, சத்தமில்லாமல் வணங்கி, நானும் மெல்ல இறங்கிக்கொள்கிறேன்.