சிவப்புத் துணி ஷிலானுடையது

பேரன்பு கொண்ட அவைத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் மழைக்கோட்டைக் கழற்றாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! நாடுவிட்டு நாடுபோன எங்கள் குர்து உறவுகளே! எங்கள் மொழியில் ஒரு சொல்லும் அறியாமல் எங்களுக்காகப் பதாகை பிடித்திருக்கும் அயல்நாட்டு அன்பர்களே! ஸாக்ரோஸ் மலையடியிலிருந்து, அந்த மலையடியில் ஒரு போர்வையடியிலிருந்து, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

ஆம், போர்வையடியிலிருந்துதான். நீங்கள் சுவரொட்டியில் "பெண்சிங்கம்" என்று அச்சடித்திருக்கிறீர்களே, அந்தச் சிங்கம் ஃபிரிட்ஜ் உறுமினால் பேனாவை ஒளித்துவைக்கும் பள்ளிக்கூடச் சிங்கம். நான் இங்கே எழுதி அனுப்பியதை, அங்கே வாழும் என் சின்னம்மா உங்கள் மேடையில் வாசிக்கிறாள். சின்னம்மா, இங்கே சிரிப்பார்கள். கொஞ்சம் நிறுத்தி வாசி.

அந்தக் காணொளியை உலகமே பார்த்தது. எங்கள் புத்தாண்டான நவ்ரோஸ் மாலை. பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள். வரிசையின் தலைப்பில் நிற்பவள் சிவப்புத் துணியைச் சுழற்றிக்கொண்டு சிப்பாய்களை நோக்கிப் பாய்கிறாள். என்ன துணிவு, என்ன துடிப்பு, என்ன தீரம் என்று எழுதினீர்கள். அன்பர்களே, துடிப்பு மட்டும் உண்மை. அது என் நெஞ்சில் அடித்துக்கொண்டது.

நடந்ததைச் சொல்கிறேன். தெருவில் ஆடக்கூடாது என்று இந்த ஆண்டு தடை. தலைப்பில் நிற்பவள் முகம்தான் முதலில் படத்தில் விழும் என்று எல்லாரும் ஓரடி பின்வாங்கினார்கள். நானோ குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எனக்கு முன்னால் ஆளே இல்லை! நான் தலைமைக்கு வந்த வரலாறு இதுதான். சில தலைவர்களுக்கும் இப்படித்தான் வாய்த்திருக்கும். அவைத் தலைவரைச் சொல்லவில்லை, ஐயா!

எனக்கு அடுத்து நின்றவள் தையற்கடை ஷிலான் அக்கா.

"சுத்துறதுக்குத் துணி எங்கடி?"

"மறந்துட்டேன்கா."

"துணியில்லாம தலைப்புல நிக்கிறா பாருங்கடி, மகாராணி! மூக்குக் கண்ணாடியையும் காணோம்?"

"இந்த ஜிகினா கவுனுக்கு நல்லா இருக்காதுக்கா."

அக்கா சிரித்தாள். சட்டென்று தன் தலையில் இருந்த சிவப்பு முக்காட்டை உருவினாள். எங்கள் நாட்டில் அந்தத் துணி தலையைவிட்டு இறங்கினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். "இந்தா சுத்து, கொஞ்ச நேரம் காத்து வாங்கட்டும்" என்று என் கையில் திணித்தாள்.

ஃபாயெக் மாமா முரசைத் தட்டினார். ஆடினோம். தெருமுனையில் வண்டிகள் வந்து நின்றன. ஓடிவிட முடிவு செய்தேன். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு வண்டியின் விளக்கு நவ்ரோஸுக்கு எங்கள் வீட்டு வாசலில் மூட்டிய தீயாகத் தெரிந்தது. அதை நோக்கி ஓடினேன், அக்காவின் கையை விடாமல்! எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியுமா? தலைப்பு போகும் இடத்துக்கு வரிசை போகும். பாட்டு முடியும்வரை யாரும் கையை விடமாட்டார்கள். தெருவே என் பின்னால் வந்தது. புது அடி என்று நினைத்து மாமா முரசை முடுக்கினார்!

"எங்கடி இழுத்துட்டுப் போற?"

"வீட்டுக்குக்கா!"

"வீடு பின்னாடி இருக்குடி, எருமை!"

சிப்பாய்கள் ஓரடி பின்வாங்கினார்கள். சிரிக்க வேண்டாம், நானும் பின்வாங்கத்தான் பார்த்தேன். பின்னால் வரிசை முட்டியது. அக்காதான் என்னைச் சுழற்றி, வரிசையை வளைத்து, எல்லாரையும் வீடு சேர்த்தாள்.

அந்தப் படத்தில் என் முகத்தைத் துணி மறைத்துவிட்டது. ஷிலான் அக்காவின் முகம் பளிச்சென்று இருந்தது, முக்காடில்லாமல். அந்த வாரமே அவளைக் கொண்டுபோனார்கள். அவள் அம்மா கம்பளிச் சட்டையோடு தினமும் சிறைவாசல் காவலன் முன்னால் நிற்கிறாள்.

"அப்படி யாரும் இங்க இல்ல, போ."

"நேத்தும் அதத்தானேப்பா சொன்ன? சட்டைய மட்டுமாவது உள்ள குடு. என் பொண்ணுக்குக் குளிரு ஆகாது."

"இல்லாதவளுக்கு எதுக்கும்மா சட்டை?"

பெரியோர்களே, தாய்மார்களே! பெயரில்லாத எனக்குப் பத்து நாடுகளில் பதாகை. பெயருள்ள அவளுக்கு ஒரு வாசலில் பதில் இல்லை. என்னைப் போற்றியது போதும். போர்வைக்குள் நான் பத்திரம். யாரும் இல்லை என்று சொல்லும் வாயை எது அடைக்கும்? என் பயமா அடைக்கும்? உங்கள் குரல் அடைக்கும்! உங்கள் அமைச்சர்களிடம் கேளுங்கள், செய்தித்தாள்களில் கேளுங்கள், எங்கள் நாட்டுத் தூதரக வாசலில் நின்று கேளுங்கள்: ஷிலான் எங்கே? ஒவ்வொரு தலையும் தன் துணியைப் பற்றித் தானே முடிவெடுக்கும் நாள்வரை கேளுங்கள்: ஷிலான் எங்கே? ஊரெல்லாம் கேட்கும் பெயரை இல்லை என்று எத்தனை நாள் சொல்வார்கள்?

எங்கள் ஆட்டத்தில் இடையில் புகுவது மரியாதை இல்லை. ஆனால் வரிசையின் கடைசி எப்போதும் திறந்திருக்கும். மொழி தெரியாதவரும் சேரலாம், ஆடத் தெரியாதவரும் சேரலாம். நானே சாட்சி! பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடியுங்கள். அவள் பெயரைச் சொல்லுங்கள்.

அன்று பயத்தில் அக்காவின் கையைப் பிடித்தேன். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. பாட்டும் இன்னும் முடியவில்லை.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பிழை திருத்தி வாசித்த சின்னம்மாவுக்கும் நன்றி. விடாத கையோடு விடைபெறுகிறேன். வணக்கம்!