சொல்லாமல் அணையும் விளக்கு

சாவிக்கொத்தில் மாட்டும் டார்ச் வாங்குவது லேசான வேலை இல்லை, ஐயா. ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டும். பட்டன் பேட்டரி போட்டது இறகு மாதிரி இருக்கும்; வெளிச்சம் மின்மினிப்பூச்சிக்குத் தம்பி. பென்சில் பேட்டரிக்கு அலைய வேண்டாம், எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் டார்ச் தடிமன், சட்டைப் பையைக் கீழே இழுக்கும். சார்ஜ் ஏற்றுவது சுண்டுவிரல் நீளம்தான். அறையையே பகலாக்கிவிடும்.

என் மனைவி ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பு மேற்பார்வையாளர். அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் எனக்குக் கணக்குப் பிரிவு. என்னைக் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவாள். தினமும் காலையில் அவள் தரைக்குக் கீழுள்ள பம்ப் அறைக்குப் போய், தரையோடு தரையாகப் பதிந்த தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து மட்டம் பார்க்க வேண்டும். அங்கே பல்பு போய் நாளாகியிருந்தது. போன் வெளிச்சம் போதாதா என்று கேட்பீர்கள். ஒரு போன் ஏற்கெனவே அந்தத் தொட்டிக்குள் கிடக்கிறது.

கடைக்காரர் நல்ல மனிதர். "சார், இந்தச் சார்ஜ் மாடல் கடைசி வரைக்கும் ஒரே வெளிச்சம், மங்கவே மங்காது. ஆனா தீர்ந்துச்சுன்னா சொல்லாம கொள்ளாம போயிடும். பென்சில் பேட்டரி அப்படியில்ல. மஞ்சளாகி, மஞ்சளாகி, போறேன் போறேன்னு சொல்லிட்டுத்தான் போகும். வீட்டுக்காரம்மாவுக்குன்னா அதையே வாங்குங்க."

சொல்லாம கொள்ளாம. அந்த இடத்தில் என் மனம் நின்றுவிட்டது. சில நாட்களுக்கு முன்புதான் லிப்டில் அவளுடைய மேலாளர் என் தோளைத் தட்டி, "என்னப்பா, அவங்க மாற்றல் வாங்கிட்டுக் கிளம்பறாங்க, நீ சோறு வடிக்கக் கத்துக்கிட்டியா இல்லையா?" என்று சிரித்திருந்தார். வேறு ஊர். அவளே கேட்டு வாங்கிய மாற்றல். எனக்குத் தெரியாது. நானும் சிரித்து வைத்தேன்.

இரண்டையும் வாங்கினேன். மங்காதது அவளுக்கு, மங்குவது எனக்கு.

"அட, கணக்குக்குப் பரிசு வாங்கவெல்லாம் தெரியுமா? இன்னிக்கு மழைதான்," என்று சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டாள்.

சார்ஜ் ஏற்றும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஒழுங்காக ஏற்றினேன். நாளடைவில் அவள் அதைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டாள். எவ்வளவு நேரம் எரியும் என்பது எனக்கு மட்டும் தெரியும். பிறகு ஒருநாள் அதை அலமாரிக்குள் எரியவிட்டு, கொஞ்சமாக மிச்சம் வைத்தேன்.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். தரை ஈரம் என்று செருப்பைப் படியிலேயே கழற்றி வைத்தேன். அவள் மூடியைத் திறந்து, குனிந்து மட்டம் பார்த்தாள். நிமிர்ந்து இரண்டடி தள்ளி நின்றாள்.

"கணக்கு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா நாக்கு நுனியிலயே நிக்குது..."

டார்ச் அணைந்தது. என் கணக்கு பிசகாது.

"உன்னோடதைப் போடேன். அசையவே பயமா இருக்கு."

அது என் கைக்குள்தான் இருந்தது. வெறுங்காலோடு தொட்டியின் வாயைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனேன். அந்தச் சுற்றை முன்பே கண்ணை மூடி நடந்து பழகியிருந்தேன்.

"இங்க இருக்கேன்," என்றேன். "நேரா வா."

"விளையாடலையே?"

"இல்ல. வா."

வந்தாள். என்னை நம்பித்தான் வந்தாள். அதை நான் மறுக்கவில்லை.

தண்ணீர் அடங்கும்வரை நின்றிருந்தேன். பிறகு என் டார்ச்சைப் போட்டேன். வெளிச்சம் லேசாக மஞ்சளாகியிருந்தது. பேட்டரி மாற்று என்று பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எடைபோட்டுப் பார்த்தால் இதுதான் நல்ல சாமான், ஐயா. போவதற்கு முன் சொல்லும். அவளும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் விளக்கைப் போட்டிருப்பேன்.