அரைச்செங்கல்

— இறங்கு. மறுபடி ஏறு.

— ஏறிட்டேன் நர்சம்மா. எவ்ளோ காட்டுது?

— நாப்பத்தி நாலு. நான் நம்ப மாட்டேன். இடுப்புல கட்டியிருக்கறதை எடுத்து மேசை மேல வை.

— எதை?

— அரைச்செங்கல்லை. சித்தாள் சேலையில செங்கல் தூள் இருக்கறது அதிசயமில்ல. எடை மெஷின்ல ஏறினா மட்டும் வலது பக்கம் சாஞ்சு நிப்பியே, அதுகூடவா எனக்குத் தெரியாது?

— தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?

— சும்மா எங்க இருந்தேன்? ஒவ்வொரு தடவையும் ஒன்றரை கிலோ கழிச்சுத்தான் எழுதினேன். டாக்டர் கையைக் காலைப் பிடிச்சு டைம் வாங்கினேன். ஏன்டி இப்படிப் பண்ணின?

— எடை ஏறலேன்னா ஆஸ்பத்திரி பெட்ல சேத்துருவேன்னாரே. காசநோய்க்காரின்னு ஒருத்தரும் வாசப்படி மிதிக்கல. நானும் போயிட்டா ரெண்டு பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா?

— அதுக்கு, குடுத்த சத்துமாவை நீ தின்னிருக்கணும்.

— வீட்ல மூணு தட்டு நர்சம்மா. ஒரு தட்டுல மட்டும் போட கை வரல.

— அதான் மூணாம் மாசத்துலேருந்து மூணு டப்பா வந்துச்சு.

— அது எல்லாருக்கும் குடுக்கறதுன்னுல்ல நினைச்சேன்.

— நினைப்ப, நினைப்ப. ஆபீசர் முன்னாடி நாலு நாள் நின்னேன். நோயாளிக்குத்தானே டப்பா, பிள்ளைங்களுக்கு எதுக்குன்னார். பிள்ளைங்க பசியா இருந்தா எந்தத் தாய் வயித்துல சோறு இறங்கும் சார்னு கேட்டேன். இப்ப இந்த மாத்திரை சாப்பிடற எல்லா வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு டப்பா போகுது.

— எல்லா வீட்டுக்குமா? நான் பண்ணின திருட்டு வேலையாலயா?

— ஆமா, பெரிய சாதனைதான். பேச்சை மாத்தாத. சளி ரிசல்ட்ல கிருமி இல்ல. எடையும் நிஜமா இருந்தா, ஆறு மாசக் கார்டை இன்னிக்கே மூடிடலாம். எடு கல்லை.

— தொட்டுப் பாருங்க.

— இரு, பாக்கறேன். போன மாசமே நேரா நின்ன. கல்லை நடுவுல மாத்திக் கட்டிக்கிட்டன்னு நினைச்சேன், கில்லாடி. ... இந்தப் பக்கம் திரும்பு. ... எங்கடி கல்லு?

— இருமல் சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு கதவைச் சாத்தியே வெச்சிருந்தேன்ல? ரெண்டு மாசமா இருமலே இல்ல. கதவு சாத்திக்காம இருக்க அந்தக் கல்லைத்தான் முட்டுக் குடுத்திருக்கேன். காத்து வரணும்னு நீங்கதானே சொன்னீங்க. இப்பல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களும் அதைத் தாண்டித்தான் உள்ள வருது நர்சம்மா.