பெயர் சொன்னால் வரும் கிளாஸ்

இப்போதெல்லாம் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. டீக்கடையில்கூடப் போனைப் பார்த்துக்கொண்டே டீ கேட்கிறார்கள். என் மகள் பாக்கியவதியும் அப்படித்தான். தினமும் எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போய், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் அதே வேலைதான்.

அன்றைக்குத் திரையைக் காட்டினாள். "இது ஜாவாப்பா, கம்ப்யூட்டர் பாஷை. புரோகிராம் ஓடும்போதே வேணுங்கிற கிளாஸைப் பேர் சொல்லிக் கூப்பிடும். அது வந்து வேலை செய்யும்."

"கிளாஸு வருமா? டீயோடவா?"

"ஐயோ, அந்த கிளாஸ் இல்லப்பா. வேலைக்காரன்னு வெச்சுக்கோ."

"ஆள் மூஞ்சியைப் பார்க்குமா?"

"பேர் மட்டும்தான். ஒரு எழுத்து மாறினாலும் ஆள் வராது. அதுவும் கூப்பிடும்போதுதான் தெரியும்."

நான் நம்பவில்லை. நான் வேலை பார்த்த சுரங்கத்தில், கீழே இறக்கும் கூண்டான கேஜில் ஏற்றும்முன் மேஸ்திரி பெயரைக் கூப்பிடுவார். தப்பாகக் கூப்பிட்டாலும் ஆள் போய் நிற்பான். அவரும் மூஞ்சியைப் பார்த்து ஏற்றுவார். வேலை என்றால் அது.

மறுநாள் ஆபீஸ் பெரியவர்கள் முன் இதை ஓட்டிக் காட்டினால் ஜெர்மனிக்கு அனுப்புவார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். ஜெர்மனியில் இவளுக்கு யார் இருக்கிறார்கள்?

அவள் குளிக்கப் போனாள். கூப்பிடும் பெயர் என்று அவள் திரையில் காட்டியிருந்ததன் கடைசியில் ஒரு கோடு மின்னிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு எழுத்தைத் தட்டினேன். என்ன எழுத்தோ, எனக்கு இங்கிலீஷ் வராது. மிஷினுக்கு மூளை இருக்கிறதா என்று சோதித்தேன், அவ்வளவுதான். அவள் வந்து, பார்க்காமலே கம்ப்யூட்டரை மூடி வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் வந்தவள் செருப்பைக் கழற்றவில்லை.

"நடுவுல நின்னுபோச்சு. எனக்குப் பதிலா ஜெர்மனிக்கு கூட வேலை செய்யுற கிளமெண்ட் போறான்."

"மிஷினை நம்பாதேன்னு அப்பவே சொன்னேனே."

அவள் என்னையே பார்த்தாள். "நீ தொட்டியா?"

"ஒரு எழுத்துதான்."

"அதுக்கு இன்னா பேர் வெச்சிருந்தேன் தெரியுமா? தாமோதரன். உன் பேருதான். அப்படி யாருமே இல்லைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுச்சு."

நான் அவள் எதிரில்தான் நின்றேன். ஓர் எழுத்து கூடினால் அப்பன் இல்லாமல் போவானா? அதைத்தான் நானும் கேட்கிறேன்.

அதற்கப்புறம் அவள் என்னை அப்பா என்று கூப்பிடுவதில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். கோபம் ஆறிவிடும். பெண் வீட்டில் இருக்கிறாள், அது போதும். அவள் நன்மைக்குத்தான் செய்தேன்.

இன்றைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி திறந்தே கிடந்தது. அதையும் அவளையும் அப்படியே விட்டுவிட்டு டீக்கடைக்குக் கிளம்பினேன். கடைக்காரனுக்கு என் பெயர் தெரியாது. என் மூஞ்சியைப் பார்த்ததும் கிளாஸ் தானாக வரும்.